ஆப்பச் சோடாப் பனியும் அண்ணாச்சியின் இரண்டு விரலும்

போன மாதம் ஜான்சி என் போனுக்கு ஒரு வீடியோ அனுப்பினாள். நான் ஓய்வு பெற்ற பிறகு பட்டறையில் என் முக்காலியில் உட்கார்ந்திருப்பவள் அவள்தான். வீடியோவில் ஒரு வெள்ளைக்காரத் தம்பி ஆப்பச் சோடாவையும் வெள்ளைப் பசையையும் ஒரு கிண்ணத்தில் குழைக்கிறான். அதை உள்ளங்கை அகலப் பலகையில் பூசுகிறான். அதன்மேல் ஒரு பொம்மைச் சிப்பாயை நட்டுவிட்டு, வீட்டிலேயே பனி செய்துவிடலாம் என்று உலகத்துக்கு அறிவிக்கிறான். முடிவில் தனக்குத்தானே கையும் தட்டிக்கொள்கிறான்.

“கோமதிக்கா, உங்க பனிய இந்தப் பய களவாண்டுட்டான், பாத்தியளா?” என்று ஜான்சி கீழே எழுதியிருந்தாள்.

“களவாடலட்டி. நான் பண்ணுன தப்புல பாதிகூட அவன் பண்ணல. பெறவு எப்படி அது என் பனியாகும்?” என்று குரல் பதிவு அனுப்பினேன்.

“அப்பம் அந்தத் தப்பையெல்லாம் எழுதித் தாங்க. நாங்க வேற புதுத் தப்பாப் பாத்துப் பண்ணிக்கிடுதோம்” என்று பதில் வந்தது. பட்டறையில் எல்லோரும் சேர்ந்து சிரிக்கும் சத்தமும் அதிலேயே கேட்டது. சரி, கேட்டுவிட்டார்கள். எழுதிவிடுகிறேன்.

சங்கரன்கோவிலில் எங்கள் பட்டறை மாதிரிகள் செய்யும் பட்டறை. வீடு கட்டுகிறவர்களுக்கு வீட்டு மாதிரி, பள்ளிக்கூடங்களுக்கு மலை, அணை, எரிமலை. இவற்றோடு ஞாபகப் பெட்டி என்று ஒன்று உண்டு. பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வருகிறவர்கள் தாங்கள் காவல் நின்ற இடத்தைச் சின்னதாகச் செய்து, கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, வீட்டு நடு அறையில் டிவிக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்வார்கள். எங்கள் சுற்றுவட்டாரக் கரிசல் கிராமங்களில் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பாத தெரு கிடையாது. அப்படிப் போனவர்களில் பாதிப் பேரை அரசாங்கம் பனியில்தான் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறது. ஆகவே பட்டறைக்குப் பனி வேண்டியிருந்தது. இருபத்தெட்டு வருடம் அந்தப் பனியைச் செய்தவள் நான். நான் பனியைப் பார்த்தது கிடையாது. குற்றாலச் சாரலில் நனைந்திருக்கிறேன், பிரிட்ஜின் மேல்பெட்டியைக் கரண்டிக் காம்பால் சுரண்டியிருக்கிறேன். என் அனுபவம் அவ்வளவுதான்.

நான் பழகிய காலத்தைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம், ஏனென்றால் அதில் எதுவும் உருப்படவில்லை. முதல் பனியைச் சீனியில் செய்தேன். இரண்டு நாளில் எறும்பு வந்து மலையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. அடுத்து உப்பு. ஐப்பசி அடைமழையில் உப்பு வேர்த்து, சிப்பாய் முழங்கால் தண்ணீரில் நின்றார். தெர்மாகோலைத் துருவினேன். அது பலகையைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் ஒட்டியது. என் வீட்டுக்காரர் விசைத்தறியில் வேலை பார்த்தார். தறிக்கு அடியில் சேரும் பஞ்சுத் தூசியை ஒரு பை நிறையக் கொண்டுவந்து கொடுத்தார். அதைப் போட்டதும் இமயமலைக்கு ரோமம் முளைத்தது. அதன் பிறகுதான் ஆப்பச் சோடாவுக்கு வந்தோம்.

அதன் பக்குவத்தைச் சொல்லிவிடுகிறேன். ஆப்பச் சோடா இரண்டு கரண்டி. பழைய வேட்டித் துணியில் கட்டிச் சலித்தது. வெள்ளைப் பசை ஒரு கரண்டி. சுவருக்கு அடிக்கும் வெள்ளை டிஸ்டம்பர் அரைக் கரண்டி. வெறும் பசையாக விட்டால் ஒரே வருடத்தில் பனி மஞ்சளடித்துவிடும். அதற்குத் துணிக்குப் போடும் சொட்டு நீலத்தை ஊசி முனையில் தொட்டு விட வேண்டும். ஊசி முனை என்றால் ஊசி முனைதான். ஒருமுறை கை தவறி ஒரு சொட்டு முழுதாக விழுந்து, மலை வெளுத்த வேட்டி மாதிரி ஆகிவிட்டது. கூரை ஓரத்தில் தொங்கும் பனி ஊசிகளுக்குக் காலியான பேனாவின் கண்ணாடி மாதிரி இருக்கும் பிளாஸ்டிக் குழல். மெழுகுவர்த்தியில் காட்டி, இளகியதும் சட்டென்று இழுத்தால் ஊசி வந்துவிடும். இரண்டு விரலைச் சுட்டுக்கொள்ளாமல் யாரும் இதைக் கற்றதில்லை.

பட்டறை முதலாளி ஆவுடையப்பன் சார். முன்னால் ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டராக இருந்தவர். கத்த மாட்டார். திட்டவும் மாட்டார். மனசு நன்றாக இருந்தால் “ஏட்டி கோமதி” என்பார். கோபம் வந்தால் மரியாதை வந்துவிடும். “கோமதி அம்மா, இப்படி உக்காருங்க” என்று அவர் சொன்னால் கையில் இருக்கும் வேலையைக் கீழே வைத்துவிடுவோம்.

எங்கள் பெட்டிகளில் மனிதன் இரண்டு அங்குல உயரம். சார் எதையும் அந்த இரண்டு அங்குல ஆளின் கண்ணால்தான் பார்ப்பார். என் சீனிப் பனியைப் பார்த்த அன்றைக்கே, “இவன் உயரத்துக்கு இந்தச் சீனி என்ன சைஸு? கருங்கல் ஜல்லிட்டி. இவன் பனியில நிக்கானா, ரோடு போடுதானா?” என்று கேட்டவர்.

பரிசோதனையை மதியச் சாப்பாட்டு நேரத்தில்தான் வைத்துக்கொள்வார். தட்டில் சோற்றைப் போட்டுக் குழம்பும் ஊற்றிக்கொண்டு, செய்து முடித்த மாதிரியை எடுத்து, சோற்றுக்கு நேர் மேலே தலைகீழாகப் பிடித்து, அடிப்பலகையில் மூன்று தட்டுத் தட்டுவார். ஒரு துகள் விழுந்தாலும் தட்டைத் தள்ளிவைத்துவிடுவார். அன்றைக்கு அவர் பட்டினி. எங்களை எதுவும் சொல்ல மாட்டார், தண்ணீரைக் குடித்துவிட்டு வேலை பார்ப்பார். ஒரு நாள் அவர் மனைவியே பட்டறைக்கு வந்து, “எம்மா, அவுகளுக்கு சுகர் இருக்கு. வேளைக்குச் சாப்பிடாட்டா மயக்கம் வரும். கொஞ்சம் கெட்டியா ஒட்டுங்க தாயி” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அதற்குப் பிறகு நான் ஒட்டிய பனியை உளி வைத்துத்தான் பெயர்க்க வேண்டும்.

விதிகள் இவ்வளவு கறாராக இருந்தாலும் சாருக்குள் ஒரு குறும்பும் உண்டு. கடையநல்லூரிலிருந்து ஒருவர் தான் கட்டிய வீட்டுக்கு மாதிரி செய்யச் சொல்லி வந்தார். வளைகுடாவில் வேலை பார்க்கிறவர். எல்லா அளவையும் சொல்லி முடித்துவிட்டு, கொஞ்சம் வெட்கப்பட்டுக்கொண்டே, “மொட்டை மாடியில பனி பெஞ்ச மாதிரி போட முடியுமா சார்?” என்றார்.

“கடையநல்லூர்லயா?” என்றார் சார்.

“இருவது வருசமா அந்த வெயில்ல வெந்துட்டு வாரேன் சார். என் வீட்டு மேல கொஞ்சம் பனி பெஞ்சா யாருக்கு என்ன நட்டம்?”

சார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “ஏட்டி கோமதி, நல்லா கனமாப் போடு” என்றார். நான் தண்ணீர்த் தொட்டி மேலும் போட்டேன். கொடியில் ஒரு கைலியைக் காயப்போட்டு, அது பலகை மாதிரி விறைத்து நிற்கும்படியும் செய்தேன். வந்து பார்த்தவர் அந்தக் கைலியைப் பார்த்துப் பார்த்துச் சிரித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்.

இனி சுப்பையா அண்ணாச்சியின் கதை. நான் ஓய்வு பெறுவதற்கு மூன்று வருடம் முன்னால் நடந்தது. ஜான்சிக்குப் பாதிதான் தெரியும்.

அண்ணாச்சி குருவிகுளம் பக்கத்துக் கிராமத்துக்காரர். பட்டாளத்தில் அவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒல்லியாக, நெட்டையாக, இடது காலை மட்டும் கொஞ்சம் பார்த்துப் பார்த்து வைத்து நடந்து வந்தார். ஒரே ஒரு போட்டோ கொண்டுவந்திருந்தார். அதில் முழுவதும் வெள்ளை, நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி. அந்தப் புள்ளிதான் தான் என்றார்.

“இந்த இடத்துலதான் என் ரெண்டு விரலு போச்சு தாயி. எடது காலுல. பனி தின்னுட்டு” என்றார்.

நான் ‘ஐயோ’ என்றேன். அந்த ஒரு வார்த்தைக்கே அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்ததும்தான், அதைக்கூட அவருக்கு யாரும் சொன்னதில்லை என்று புரிந்தது. ஊரில் யாருமே நம்பவில்லையாம். அவர் பட்டாளத்தில் சமையல்காரராக இருந்தார், பிரியாணி அண்டாவைக் காலில் போட்டுக்கொண்டார், அதை மறைக்கப் பனிக் கதை விடுகிறார் என்று அவருடைய சித்தப்பா மகன் ஒருவர் கிளப்பிவிட்டிருந்தார். அதுவே நிலைத்துவிட்டது. அண்ணாச்சி பேச வாயெடுத்தால் “மார்கழியில நாங்களுந்தான் வயக்காட்டுல நிக்கோம், எங்க விரலு எங்கயும் போகலையே” என்று சிரிப்பார்களாம். டீக்கடையில் அவருக்கு அண்டா என்றே பேர்.

“ஆவணியில புது வீட்டுக்குப் பால் காய்ச்சுதேன். அன்னைக்கு ஊரு பூரா வரும். நடு வீட்டுல இத வச்சிருதேன். அது எப்பேர்ப்பட்ட எடம்னு இவனுக கண்ணால பாக்கணும். பொய்க்காரன்கிற பேரோட நான் அந்த வீட்டுக்குள்ள குடி போக மாட்டேன்” என்றார். குரலை உயர்த்தாமல்தான் சொன்னார். இந்த மனிதருக்கு நல்ல பனி செய்து கொடுக்காவிட்டால் நான் இத்தனை வருடம் குழைத்ததெல்லாம் வீண் என்று நினைத்தேன்.

ஆனால் அண்ணாச்சி லேசில் திருப்திப்படுகிற ஆள் இல்லை. எங்கள் பட்டறைக்கு வந்தவர்களெல்லாம் “அப்படியே இருக்கு” என்று சொல்லி எடுத்துக்கொண்டு போவார்கள். இவர் பட்டறைக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டார். முதல் நாள் நான் பூசியதைப் பார்த்து, “இது இட்லி” என்றார். மூன்றாம் நாள், “இது வெள்ளையடிச்ச சொவரு.” ஐந்தாம் நாள் ஒன்றும் சொல்லாமல் பலகையைத் திருப்பி வைத்துவிட்டார்.

“அண்ணாச்சி, நான் பனியப் பாத்ததில்ல. நீங்க சொன்னாத்தான் எனக்குத் தெரியும். வாயத் தொறந்து சொல்லுங்க” என்றேன் எரிச்சலோடு.

அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. கையைக் கையைப் பிசைந்தார். கடைசியில், “மிதிச்சா ஒரு சத்தம் வரும் தாயி. மக்காச்சோள மாவு மூட்டைய அமுக்குனா நெறுநெறுன்னு கேக்கும்லா, அந்தச் சத்தம்” என்றார்.

சார் உடனே ஆளனுப்பி ஒரு பாக்கெட் மக்காச்சோள மாவு வாங்கிவரச் சொன்னார். அண்ணாச்சி அதைத் தரையில் வைத்து வலது குதிகாலால் அழுத்தினார். நெறுக்கென்று ஒரு சத்தம். “இதேதான்” என்றார். அதைச் சொல்லும்போதே அவருடைய இடது கால் தானாகப் பின்னுக்குப் போய் முக்காலிக்கு அடியில் ஒளிந்துகொண்டது. அவருக்கு அது தெரியவில்லை. நானும் சாரும் பார்த்துவிட்டோம்.

அந்தச் சத்தத்திலிருந்துதான் அவருக்குப் பேச்சு வந்தது. அடியில் இருப்பது பழைய பனி, காற்று அடித்து அடித்துக் கல்லாகிவிடும், அதில் லேசாக நீலம் தெரியும் என்றார். நடுவில் ஒரு படலம், மேலே ராத்திரி விழுந்த புதுப் பனி. “அது ஒட்டாது. ஊதுனாப் பறக்கும். அதுலதான் காலு பொதையும்” என்றார். நான் அடிப் பனிக்குப் பசையும் நீலமும் சேர்த்தேன். நடுவுக்கு மெல்லிய தாளை நனைத்துப் படிய விட்டேன். மேல் பனிக்கு வெறும் ஆப்பச் சோடாவைத் துணியில் கட்டி, நடுப் படலம் உலர்ந்ததும் மேலே தட்டினேன். பசையே கிடையாது.

அண்ணாச்சி குனிந்து, கண்ணைப் பலகைக்கு நேராக வைத்து, வெகுநேரம் பார்த்தார். “வந்துட்டேன்” என்று மட்டும் சொன்னார்.

சார் இருந்திருந்தால் இது நடந்திருக்காது. பசையில்லாத பனி அவருடைய சோற்றுத் தட்டைத் தாண்ட முடியாது. ஆனால் அந்த வாரம் பார்த்து அவர் கண் ஆபரேஷனுக்குத் திருநெல்வேலி போயிருந்தார். கண்ணாடிப் பெட்டி போட்டுவிட்டால் எங்கே பறக்கப் போகிறது என்று நானே எனக்கு அனுமதி கொடுத்துக்கொண்டேன். அதோடு நிற்கவில்லை. “கண்ணாடி போட்டா பொம்மைன்னு சொல்லிருவானுவ தாயி. அன்னைக்கு ஒரு நாளைக்கு மட்டும் தொறந்தே இருக்கட்டும்” என்று அண்ணாச்சி கெஞ்சியதும் அதற்கும் தலையாட்டினேன். கண்ணாடி இல்லாமல் எந்த வேலையும் படி தாண்டக்கூடாது என்பது பட்டறையின் முதல் விதி. தெரிந்துதான் மீறினேன். என் பனியைப் பார்க்க ஒரு ஊரே வரப்போகிறது என்ற பெருமை எனக்குள் புகுந்துவிட்டது. அதை அண்ணாச்சிமேல் கொண்ட இரக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

பால் காய்ச்சு அன்று காலையில் மாதிரியை மடியில் வைத்து, சாப்பாட்டை மூடும் வலைக் கூடையால் மூடி, பஸ்ஸில் கொண்டுபோனேன். கண்டக்டர் எட்டிப் பார்த்து, “என்னக்கா, கேக்கா?” என்றார்.

“ஆமா. உள்ள ஒரு ஆளு நிக்காரு, பாத்து பிரேக் போடச் சொல்லுங்க” என்றேன்.

புது வீட்டின் நடு அறையில் ஒரு முக்காலியில் துண்டு விரித்து மாதிரியை வைத்தோம். கூட்டம் வந்து சுற்றி நின்றது. நான் ஓரமாக நின்று, பாராட்டை வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தேன்.

“கோலமாவு நல்ல வெள்ளையா இருக்கே, எங்கன வாங்குனது?” என்றது ஒரு அம்மா. இன்னொருவர் மலையை விட்டுவிட்டு முக்காலியைத் தடவிப் பார்த்தார். அந்தச் சித்தப்பா மகன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஒரு சுற்றுச் சுற்றி வந்து நின்றார்.

“எல்லாம் சரி, அண்டாவ எங்க காணோம்?” என்றார்.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. புதுச் சட்டையின் மடிப்புக்கூடக் கலையாமல் நின்ற அண்ணாச்சியின் முகம் சுண்டிப்போனது. நான்கு வாரம் குனிந்து குனிந்து பார்த்துச் செய்த வேலை இப்படி ஒரு சொல்லில் போயிற்றே என்று எனக்கு ஆத்திரம் வந்தது.

அந்த நேரத்தில்தான் அவருடைய அக்கா பேச்சியம்மாள் வந்தார். புது வீட்டுக்கு மஞ்சள் தண்ணீர் தெளிக்கும் வேலை அவருடையது. ஒரு கையில் செம்பு, மறு கையில் மாவிலைக் கொத்து. அடுப்படி, அரிசி டிரம், மோட்டார் சுவிட்ச், பிரிட்ஜ் என்று எதையும் விடாமல் தெளித்துக்கொண்டே வந்தவர், முக்காலி முன்னால் நின்றுவிட்டார். பனிக்கு நடுவே தனியாக நின்ற இரண்டு அங்குலத் தம்பியைக் குனிந்து பார்த்தார்.

“எந்தம்பி ஒத்தையில நிக்கானே!” என்று சொல்லி, நான் ‘ஆச்சி, வேண்டாம்’ என்று கையை நீட்டுவதற்குள், பாசத்தோடு நன்றாக உதறித் தெளித்துவிட்டார்.

மஞ்சள் கறை பட்ட துணிக்குச் சோப்புப் போட்டவர்களுக்குத் தெரியும், கறை சிவந்துவிடும். ஆப்பச் சோடாவும் அதையேதான் செய்யும். அந்த அறையில் நின்ற அத்தனை பெண்களும் வாரம் தவறாமல் பார்க்கிற காரியம்தான். ஆனால் அன்றைக்கு அது யாருக்கும் ஞாபகம் வரவில்லை. வெள்ளைப் பனியில் மஞ்சள் சொட்டு விழுந்து, விழுந்த இடத்தில் குபுகுபுவென்று சிவப்பு ஊறியது. அங்கங்கே நாலைந்து புள்ளி. எல்லாவற்றையும்விடப் பெரிதாக ஒன்று, சிப்பாயின் இடது பாதத்தைச் சுற்றி.

செம்பு கீழே விழுந்து உருண்டது. அண்டாவைத் தேடியவர் இரண்டு அடி பின்னால் போய்ச் சுவரில் முட்டிக்கொண்டார்.

“யம்மாடி, ரத்தம்!” என்று யாரோ சொன்னார்கள். பேச்சியம்மாள் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். கூட்டத்தில் ஒரு பெரியவர், “வாசல்ல எலுமிச்சம்பழம் இருக்கு, ஓடிப்போயி எடுத்தா! அந்த எடத்துல பிழியணும்” என்று கத்தினார். பழமும் வந்துவிட்டது. புளியங்குடிப் பழம், சாறு நிறைந்த பழம். ஆப்பச் சோடாவில் எலுமிச்சைச் சாறு விழுந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். மலை மொத்தமும் பொங்கி நுரைத்து முக்காலியிலிருந்து வழியும். அப்புறம் அந்த வீட்டில் யாரும் குடியிருக்க மாட்டார்கள்.

குறுக்கே பாய்ந்து நின்றேன். “கண்ணாடி போடாத பெட்டிக்கு எலுமிச்சம்பழம் ஆகாது. எங்க பட்டறை சாஸ்திரம்” என்றேன். அப்படி ஒரு சாஸ்திரம் அந்த நிமிடத்தில்தான் பிறந்தது. பெரியவர் மரியாதையாகப் பழத்தை மடியில் வைத்துக்கொண்டார்.

சித்தப்பா மகன் முன்னால் வந்து அண்ணாச்சியின் இரண்டு கையையும் பிடித்தார். கண் கலங்கியிருந்தது, நடிப்பு இல்லை. “எண்ணே, மன்னிச்சிருண்ணே. இம்புட்டு ரத்தமா போச்சு? தெரியாமப் பேசிட்டேன்” என்றார்.

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். இது மஞ்சளின் வேலை என்று நான் கண்ணாலேயே சொன்னேன், அவருக்கும் புரிந்தது. அவர் பேசாமல் இருந்திருந்தால் போதும். அவர் கேட்டு வந்தது கையில் கிடைத்துவிட்டது. நானாக இருந்தால் வாயைத் திறந்திருக்க மாட்டேன்.

“ரத்தம் வரல” என்றார் அண்ணாச்சி.

எல்லோரும் பார்த்தார்கள். “அங்க ரத்தம் வராது. எல்லாம் ஒறைஞ்சு போயிரும். வலியும் கெடையாது. பூட்ஸக் கழட்டுத வரைக்கும் எனக்கே தெரியாது. கழட்டிப் பாத்தா ரெண்டு விரலு கரி மாதிரி கறுத்துக் கெடக்கு. டாக்டரு எடுத்தாரு. நான் பாத்துக்கிட்டேதான் இருந்தேன், எனக்கு ஒண்ணும் தெரியல. வலிச்சாத் தேவலன்னு இருந்துச்சு” என்றார். அவர் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை.

“சும்மா இருண்ணே!” என்றார் சித்தப்பா மகன். “நாங்கதான் கண்ணால பாத்துட்டோம்லா!”

“பெரிய மனசு. பட்ட கஷ்டத்த வெளிய சொல்ல மாட்டேங்காவ” என்றார் பெரியவர். ஊர் முழுக்கத் தலையை ஆட்டியது.

நான் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று பக்கத்தில் நின்ற அம்மாவிடம், இது மஞ்சளும் சோடாவும் சேர்ந்ததால் வந்த சிவப்பு என்று விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். “நீங்க சொல்லுதது சரியாவே இருக்கட்டும். அந்த எடது காலுகிட்ட மட்டும் எதுக்கு அம்புட்டுச் செவந்துச்சு?” என்றார்.

“அங்கன தண்ணி கூட விழுந்துச்சு.”

“அங்கன எதுக்கு விழுந்துச்சு?”

முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். சிரிப்பை அடக்க முடியவில்லை. திரும்பி வந்தபோது அண்ணாச்சி அந்தச் சிவப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் முகத்தில் சந்தோஷம் இல்லை. அதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

திங்கட்கிழமை சார் கறுப்புக் கண்ணாடியோடு பட்டறைக்கு வந்தார். சொன்னபடி அண்ணாச்சி மாதிரியைக் கண்ணாடி போடத் தூக்கிக்கொண்டு வந்து, நடந்ததையும் சொல்லி முடித்திருந்தார். சார் குனிந்து பார்த்தார். கறுப்புக் கண்ணாடியைக் கொஞ்சம் கீழே இறக்கி, மறுபடியும் பார்த்தார்.

“கோமதி அம்மா, இப்படி உக்காருங்க” என்றார்.

உட்கார்ந்தேன்.

“பசை போட்டீங்களா?”

“மேல போடல சார்.”

“கண்ணாடி?”

“போடல சார்.”

“வேற எதாவது போடாம விட்டீங்களா?”

“இல்ல சார்.”

அதோடு என்னை விட்டுவிட்டு அண்ணாச்சியிடம் திரும்பினார். “இப்பம் ஊரு நம்பிட்டுன்னு சொல்லுதீங்க. பின்ன இது இப்படியே இருந்தா உங்களுக்கு நல்லதுதானே?”

“செவப்ப எடுத்துருங்க சார்” என்றார் அண்ணாச்சி. “இப்படி நடக்கல. நடக்காதத நம்புததுக்கு, அவனுக நம்பாமலே இருந்திருக்கலாம்.”

சார் கறுப்புக் கண்ணாடியை மேலே ஏற்றிக்கொண்டார். “எடுத்துரு கோமதி” என்றார். மரியாதை போய்விட்டது, எனக்கு உயிர் வந்தது.

சிவந்த பனியைச் சுரண்டி எடுத்தேன். இடது பாதத்தைச் சுற்றிப் பள்ளமாகிவிட்டது. புதுப் பனியைச் சலித்துக்கொண்டிருந்தபோது அண்ணாச்சி முக்காலியை நகர்த்தி என் பக்கத்தில் வந்தார்.

“தாயி, இத மூடுததுக்கு முந்தி ஒண்ணு செய்ய முடியுமா? அந்த ரெண்டு விரலையும் உள்ள வச்சிரணும். நான் அங்கனதான் விட்டுட்டு வந்தேன். வெளிய தெரிய வேண்டாம்.”

இரண்டு அங்குல ஆளின் கால்விரல் எவ்வளவு இருக்கும்? பட்டறையில் எதையெல்லாமோ தேடிப் பார்த்தேன். கடுகு உருண்டையாக இருந்தது. ஊசி முனை கூராக இருந்தது. கடைசியில் வீட்டுக்குப் போய்க் கறுப்பு எள் கொண்டுவந்தேன். ஒன்றைப் பாதியாக வெட்டிப் பார்த்தால், நிறம், வடிவம், அளவு எல்லாம் அப்படியே விரல். ஆனால் அதைப் பள்ளத்தில் வைக்கக் கை வரவில்லை. உயிரோடு பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற மனிதருக்கு எள்ளைப் போடுவதா?

“சார், இது எள்ளு. வேற எதாவது பாக்கட்டுமா?” என்று இழுத்தேன்.

சார் அண்ணாச்சியைப் பார்த்தார். அண்ணாச்சி என் உள்ளங்கையில் இருந்த இரண்டு கறுப்புத் துண்டையும் குனிந்து பார்த்தார்.

“போடு தாயி. நான் இருக்கேன், விரலு செத்துத்தான போச்சு. அதுகளுக்கு எள்ளப் போடுததுல என்ன தப்பு? இதுவரைக்கும் யாரும் போடல” என்றார்.

முதலில் சார்தான் சிரித்தார். பிறகு நான். பிறகு அண்ணாச்சியும் சிரித்தார், தோள் குலுங்கச் சிரித்தார். சிரிப்பு நின்ற பிறகும் தோள் குலுங்குவது நிற்கவில்லை. சார் எழுந்துபோய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து அவர் பக்கத்தில் வைத்துவிட்டு, எதுவும் கேட்காமல் போய்விட்டார். நான் இடுக்கியால் இரண்டு விரலையும் எடுத்து, பள்ளத்தில் அடுத்தடுத்து வைத்து, பசை போட்ட பனியால் மூடினேன். மேலே புதுப் பனியை மூக்கால் மூச்சு விடாமல் தட்டிவிட்டேன். அன்றைக்கே கண்ணாடி ஏறியது. சார் தன் கையாலேயே நாலு மூலைக்கும் பசை வைத்தார்.

பத்து நாள் கழித்து அண்ணாச்சி போன் செய்தார்.

“தாயி, ஊருல வந்து வந்து பாத்துட்டு, ரத்தம் எங்கன போச்சுன்னு கேக்கானுவ.”

“நீங்க என்ன சொன்னீய?”

“உள்ளதச் சொன்னேன். மஞ்சத் தண்ணி, ஆப்பச் சோடான்னு நாலு நாளு தொண்ட வத்தச் சொன்னேன். ஒரு பய நம்பல. நேத்து கடுப்புல, வெயிலுக்கு உள்ள போயிருக்கு, மார்கழியில தானா வெளிய வரும்னு சொல்லிப்புட்டேன்.”

“ஐயோ! பெறவு?”

“அம்புட்டுப் பயலும் நம்பிட்டான்.” மறுமுனையில் அவர் சிரிப்பது கேட்டது. “டீக்கடையில எனக்கு இப்பம் அண்டான்னு பேரு கெடையாது தாயி. எந்திரிச்சு எடம் குடுக்கானுவ. குடுத்துட்டுப் போகட்டும், உக்காந்துக்கிடுதேன்.”

“உங்களுக்கு அது சங்கடமா இல்லையா அண்ணாச்சி? நீங்கதான செவப்பே வேண்டாம்னு எடுக்கச் சொன்னீய?”

“எதுக்குச் சங்கடம்? நெசம் அந்தப் பனிக்கு அடியில கெடக்குல்லா. வேணுங்கிறவன் தோண்டிப் பாத்துக்கிடட்டும்” என்றார்.